வயதா, திகதியா: மட்டக்களப்பு ஈஈஜி ஆய்வுக்கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பில் ஒரு சிறிய நரம்பியல் ஆய்வுக்கூடம். தலையில் மின்வாய்கள் பொருத்திய தொப்பியைப் போட்டு மூளையின் மின்னலைகளைப் பதிவது, அதாவது ஈஈஜி, அங்கே வேலை. இளையவர்களோடு ஒப்பிட்டால் முதியவர்களின் மூளை ஒரு படத்தை எடைபோட எவ்வளவு சுணங்குகிறது என்பதுதான் கேள்வி. முதற்கட்டக் கணக்கில் வந்த விடை சுமார் 100 மில்லிசெக்கன். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு ஒரு டிவியின் கணக்கில் சேரவேண்டியது என்பது பிறகு தெரியவந்தது. அது எப்படித் தெரியவந்தது, தெரிந்த பிறகு தரவை என்ன செய்தோம் என்பதை அங்கே ஆய்வு உதவியாளராக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை.

ஆய்வு

பரிசோதனை பழையது, எளியது. திரையில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். இடைக்கிடை, நூற்றுக்கு இருபது தடவை அளவில், வேறொரு வடிவம் வரும். அது வந்ததும் பொத்தானை அமத்த வேண்டும். அரிய வடிவத்தைக் கண்டு ஏறத்தாழ 300 மில்லிசெக்கனுக்குப் பிறகு, உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு நேர் அலை எழும். இதுதான் பி300. 1965இல் சாமுவேல் சட்டனும் கூட்டாளிகளும் அறிவித்த அலை இது. பார்த்ததை மூளை அடையாளம் கண்டு, ‘இது வேறு’ என்று முடிவுக்கு வரும் வேலையோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். வயது ஏற ஏற இது பிந்தும். ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிசெக்கன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

எங்களிடம் 26 இளையவர்கள், பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். முதியவர்கள் 24 பேர், அறுபது வயதுக்கு மேல். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து சிலர், மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து பலர். இரண்டு குழுவுக்கும் இடையே சராசரியில் நாற்பது வயதுக்குச் சற்று அதிகமான இடைவெளி. அப்படியானால் 40 முதல் 80 மில்லிசெக்கன் வரை வித்தியாசத்தை எதிர்பார்க்கலாம். 100 என்பது அதிகம்தான், ஆனால் நம்பமுடியாத எண் அல்ல. சிக்கலே அங்கேதான். 400 என்று வந்திருந்தால் அன்றைக்கே கருவியைக் கழற்றிப் பார்த்திருப்போம்.

உதவியாளரின் வேலை

விஞ்ஞானப் பட்டம் முடித்த பிள்ளைகள் ‘ஆய்வு உதவியாளர் என்றால் என்ன வேலை?’ என்று கேட்கிறார்கள். ஆறு மாத ஒப்பந்தம், சிறிய சம்பளம். வேலையின் பெரும்பகுதி தலைமயிரும் தண்ணீரும்.

முதல்நாள் பின்னேரம் தொலைபேசியில் பேசவேண்டும். “நாளைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காம வாங்கம்மா” என்று சொல்வேன். “ஓம் மகள்” என்பார்கள். காலையில் பளபளவென்று தேங்காய் எண்ணெய் வைத்து, இழுத்துக் கொண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் பரட்டைத் தலையோடு போவது எங்கள் அம்மம்மாமாருக்குச் சம்மதமில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் எண்ணெய் இருந்தால் மின்வாய்க்கும் தோலுக்கும் இடையிலான தடை 5 கிலோஓமுக்குக் கீழே இறங்காது, 40, 50 என்று நிற்கும். ஆகவே பதிவுக்கு முன்னர் ஒரு வாளித் தண்ணீர், ஷாம்பு, துவாய். தலை காயும்வரை தேத்தண்ணி.

மறுகா அளவு. மூக்கு நெற்றியைச் சந்திக்கும் பள்ளத்திலிருந்து பிடரியில் துருத்தும் எலும்பு வரை நாடா பிடித்து, நடுப்புள்ளியைப் பேனையால் குறிக்கவேண்டும். ஒரு காதின் முன்பள்ளத்திலிருந்து மறுகாது வரையும் அப்படியே. இரண்டும் வெட்டும் இடத்தில் தொப்பியின் நடு மின்வாய் இருக்கவேண்டும். பிறகு முனை மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சால் ஒவ்வொரு துளையிலும் மயிரை விலக்கி, தோலை மெல்ல உரசி, ஜெல்லை விடவேண்டும். காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் உம்மாமார் வந்தால் அறைக்குள் நான் மட்டும்தான் இருப்பேன், யன்னல் திரை இழுத்திருக்கும். தொப்பி போட்டு முடிந்ததும் முந்தானையைத் தளர்வாக மேலே போட்டுக்கொள்வார்கள். கம்பிகளை அது இழுக்காதபடி தோளில் ஒரு கிளிப் குத்திவிடுவேன். வெள்ளிக்கிழமையில் மதியப் பதிவு வைப்பதில்லை.

மின்விசிறி ஒரு தனி வழக்கு. நிறுத்தினால் வியர்க்கும், வியர்வை வந்தால் கோடுகள் மெதுவாக மேலும் கீழும் அலையும். போட்டால் அதன் ரெகுலேட்டரிலிருந்து 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஏறும். மூளையிலிருந்து வருவதோ மைக்ரோவோல்ட் கணக்கில், கண் இமைத்தாலே மூழ்கிப்போகும் சின்னச் சமிக்ஞை. கடைசியில் அறையை முன்கூட்டியே ஏசியில் குளிரவைத்து, பதிவு நேரத்தில் மின்விசிறியை நிறுத்தும் ஏற்பாட்டுக்கு வந்தோம்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்த ஆய்வுக்கூடத்தில் தோலையும் மயிரையும் மின்னையும் பற்றிய கவனத்துக்குக் குறைவே இருக்கவில்லை. கோளாறு புகுந்தது யாரும் பார்க்காத வேறொரு வாசலால்.

கண்ணில் பட்டது

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆய்வு பாதிவழி போன பிறகு. எனக்கு முன்னர் இருந்த உதவியாளர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். முதியவர்களில் பலருக்கு நான்தான் தொப்பி போட்டேன். பதிவுகள் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே முறையில் துப்பரவாக்கும் வேலையும் என்னிடம் வந்தது: இமைப்பை நீக்குவது, கெட்ட துண்டுகளை வெட்டுவது, சராசரி எடுப்பது.

அப்போதே கட்டுரையின் வரைபு ஒன்று சுற்றில் இருந்தது. வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்ததால், அதை விளக்க ஒரு பந்தி எழுதியிருந்தார்கள். படுவான்கரை முதியவர்களின் பள்ளிப்படிப்புக் குறைவு, யுத்தகால இடம்பெயர்வு, நெடுநாள் மன அழுத்தம், இவையெல்லாம் மூளையின் வேகத்தைப் பாதித்திருக்கலாம் என்று. ‘லாம்’ என்ற ஒட்டுடன்தான். இருந்தாலும், அச்சில் வந்த பிறகு அந்த ஒட்டை யார் வாசிக்கப் போகிறார்கள்? அந்த மனிதர்கள் பட்டது உண்மை. அதைச் சொல்லி அவர்களுடைய மூளை மெதுவானது என்று எழுதுவதற்கு ஆதாரம் பலமாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பி300ஐப் பார்க்கும் இடம் உச்சந்தலையின் பின்பக்கம். பிடரிப்பக்க மின்வாய்களை இந்த ஆய்வில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பதிவு ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு அவைதான் வசதி. கண்ணுக்கு ஒரு படம் காட்டினால் பிடரிப்பக்கத்தில் சுமார் 100 மில்லிசெக்கனில் ஒரு நேர் அலை வந்தே தீரும். பி1 என்பார்கள். யோசித்து வருவதல்ல, பார்வை மூளையின் பின்பக்கத்தை எட்டியதும் வருவது. இளையவர்களின் சராசரியில் அது 110 அளவில் நின்றது. முதியவர்களின் சராசரியில் 160ஐத் தொட்டது.

பி1 வயதோடு இவ்வளவு பிந்துவதில்லை. வடிவம் நன்றாக இருந்தது, உயரமும் குறையில்லை. முழு அலையையும் பிடித்து வலப்பக்கம் தள்ளிவைத்த மாதிரி.

சந்தேகங்கள், ஒவ்வொன்றாக

முதல் சந்தேகம் கண். வயல் வெயிலில் வாழ்ந்தவர்களுக்குக் கண்புரை சாதாரணம். மங்கலாகப் பார்த்தால் பி1 உண்மையிலேயே பிந்தும். ஆனால் மங்கலாகப் பார்க்கும்போது அலை உயரமும் குறைவதே வழமை, இங்கே குறையவில்லை. பார்வைப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். சத்திரசிகிச்சை செய்து தெளிவாகப் பார்ப்பவர்களிடமும் அதே பிந்தல்.

இரண்டாவது, பதிவிலிருந்து இரைச்சலை நீக்கும் மென்பொருள் வடிகட்டி. சில வகை வடிகட்டிகள் அலையைப் பின்னுக்குத் தள்ளும். நாங்கள் போட்டது முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஓடி அந்தத் தள்ளலை நீக்கும் வகை. எப்படியும் இரு குழுவுக்கும் ஒன்றேதான் போட்டிருந்தோம்.

மூன்றாவது, கடிகாரம். படம் காட்டும் கொம்பியூட்டரும் பதிவு செய்யும் கொம்பியூட்டரும் வேறு வேறு. இரண்டின் கடிகாரமும் சிறிது சிறிதாக விலகினால் நேரம் பிசகும். அப்படியானால் பதிவின் தொடக்கத்தில் குறைவாகவும் முடிவில் கூடவும் இருக்கவேண்டும். முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் தனித்தனியே சராசரி எடுத்தேன். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

அப்புறம் செய்தது மிக எளிய காரியம். குழுவை மறந்துவிட்டு, 50 பேரையும் பதிவான திகதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொருவருடைய பி1 நேரத்தையும் ஒரு புள்ளியாக வைத்தேன். ஒக்டோபர் நடுப்பகுதி வரை புள்ளிகள் எல்லாம் 110ஐச் சுற்றி. அதற்குப் பிறகு எல்லாம் 170ஐச் சுற்றி. நடுவில் ஒரு படி.

இளையவர்களை முதலில் பதிந்திருந்தார்கள். மாணவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், கூப்பிட்டால் வந்தார்கள். முதியவர்கள் விதைப்பு முடிந்து கை ஓய்ந்த பிறகு வந்தவர்கள். ஆகவே வயதும் திகதியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓடின. கிட்டத்தட்ட என்பதுதான் எங்களைக் காப்பாற்றியது. பரீட்சை காரணமாக இரண்டு மாணவர்கள் பிந்தி வந்திருந்தார்கள். அவர்களுடைய பி1 168. டவுனுக்குள் வசித்த நான்கு முதியவர்கள் முந்தி வந்திருந்தார்கள். அவர்களுடையது 115ஐத் தாண்டவில்லை.

“மெடம், இது வயசு இல்ல, திகதி” என்று படத்தைத் திட்டத் தலைவியின் மேசையில் வைத்தேன். அவர் கனநேரம் பார்த்தார். “ஒக்டோபர்ல என்ன நடந்தது?” என்றார். எனக்குத் தெரியாது. அப்போது நான் அங்கே இல்லை.

சீஆர் கொப்பி

பதில் ஒரு சீஆர் கொப்பியில் இருந்தது. எனக்கு முன்னர் இருந்தவர் பதிவு நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நீலப் பேனையால் எழுதி வைத்திருந்தார். யார் வந்தார், எத்தனை மணிக்கு, எந்த மின்வாய் அடம்பிடித்தது, ‘அப்பு நித்திரை தூங்கினார், இரண்டு தடவை எழுப்பினேன்’, எல்லாம். ஒக்டோபர் பக்கமொன்றின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தது: ‘நேற்று இடி. மொனிட்டர் போய்விட்டது. மீட்டிங் ரூம் டிவி போட்டோம். அளவு சரிபார்த்தது.’

பருவமழைக்கு முந்திய அந்த மாதங்களில் பின்னேர இடிமின்னல் இங்கே வழமை. மின்னோட்டம் ஏறியதில் மொனிட்டர் போயிருக்கிறது. மூளையின் சமிக்ஞையைப் பெருக்கித் தரும் அம்ப்ளிபயர் பற்றரியில் ஓடுவதால் தப்பியது. புது மொனிட்டர் வாங்க விலைமனுக் கோரி, கையெழுத்து வாங்கி, காசு வர மாதங்கள் ஆகும். வருபவர்களை நிறுத்தவும் முடியாது. மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து பஸ் பிடிக்கும் ஆட்களுக்கு ‘வேறு நாள் வாங்க’ என்று சொல்வது எளிதல்ல. இருந்த டிவியைப் போட்டார்கள்.

‘அளவு சரிபார்த்தது’ என்பதும் உண்மை. டிவி பெரியது என்பதால், வடிவம் கண்ணில் விழும் கோணம் மாறாதபடி கதிரையைப் பின்னுக்குத் தள்ளி, தரையில் டேப் ஒட்டியிருந்தார்கள். வெளிச்சத்தையும் குறைத்திருந்தார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறார்கள். நேரத்தைக் கண்ணால் பார்க்கமுடியாது.

கொம்பியூட்டர் ‘படத்தைக் காட்டு’ என்று கட்டளை இடும் கணத்தில் பதிவுக்கும் ஒரு குறி போகிறது. அந்தக் குறியைத்தான் நாங்கள் பூச்சியம் என்று எடுக்கிறோம். ஆனால் திரையில் ஒளி தோன்றுவது சற்றுப் பிந்தி. சாதாரண மொனிட்டரில் அந்த இடைவெளி சிறியது. டிவிகள் அப்படியல்ல. வரும் படத்தை வாங்கி, கூர்மையாக்கி, அசைவை வழவழப்பாக்கி, அளவு மாற்றித்தான் வெளியே விடும். அதற்காகச் சில படங்களைக் கையில் பிடித்துவைத்துக்கொள்ளும். கிரிக்கெட் பார்க்கும்போது அடுத்த வீட்டில் விக்கெட்டுக்குக் கத்துவது கேட்கும், எங்கள் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடிவந்துகொண்டிருப்பார். அங்கே காரணம் ஒளிபரப்புப் பாதை, இங்கே டிவிக்குள் நடக்கும் வேலை. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: முன்னால் இருக்கும் திரை பிந்தியது என்று திரையைப் பார்த்துச் சொல்லமுடியாது.

அளந்தது

தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு போட்டோடயோட்டை, அதாவது ஒளி பட்டதும் மின் சமிக்ஞை தரும் சிறு உணரியை, கம்பியில் பற்றவைத்து, அம்ப்ளிபயரின் உபரி சனலில் இணைத்துத் தந்தார். வடிவம் தோன்றும் அதே இடத்தில், டிவியின் நடுவில், கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டினோம். இடம் முக்கியம். திரை மேலிருந்து கீழாக வரையப்படுகிறது. 60 ஹேர்ட்ஸில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன். மூலையில் ஒட்டியிருந்தால் அதில் ஒரு பங்கு பிசகியிருக்கும். பிறகு ஆளில்லாமலே பரிசோதனையை முழுதாக ஓடவிட்டோம். குறிக்கும் ஒளிக்கும் இடையே 72 மில்லிசெக்கன். ஒரு தடவைக்கும் மறுதடவைக்கும் இடையே இரண்டு மூன்றுக்கு மேல் ஆட்டமில்லை.

ஆட்டமில்லாதது அதிர்ஷ்டம். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு அளவு பிந்தியிருந்தால் சராசரியில் அலை கரைந்து தட்டையாகியிருக்கும், அதை மீட்க வழியே இல்லை. நிலையான பிந்தல் என்றால் குறிகளை அந்த அளவு நகர்த்திவிடலாம்.

பழைய மொனிட்டரின் பிந்தலை எப்படி அறிவது? அது செத்துவிட்டது. இளையவர்களின் பி1ஐ வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த அலையைச் சரிபார்க்கிறோமோ அதையே அளவுகோலாக்குவது வட்டத்தில் சுற்றுவது. நல்லவேளையாக அதே மாதிரி மொனிட்டர் இன்னொரு பிரிவில் இருந்தது. எங்கள் கொம்பியூட்டரையே தூக்கிக்கொண்டு போய் அதில் மாட்டி அளந்தோம். 14 மில்லிசெக்கன்.

ஆக, அந்த இடிக்கு முந்தியவர்களுக்கு 14, பிந்தியவர்களுக்கு 72 என்று எல்லாக் குறிகளையும் நகர்த்தினோம். பி1இன் படி மறைந்தது. 50 புள்ளிகளும் ஒரே பட்டையில் வந்து நின்றன. பொத்தான் அமத்திய நேரங்களும் இதே குறியிலிருந்து கணக்கிடப்பட்டவை என்பதால் அவற்றையும் திருத்தவேண்டியிருந்தது. முதியவர்களின் கை ‘மெதுவாக’ இருந்ததிலும் ஒரு பங்கு டிவிதான். பி300 வித்தியாசம் 100இலிருந்து 55 அளவுக்கு இறங்கியது. வயதுக்கு எதிர்பார்க்கக்கூடிய எல்லைக்குள் அது வசதியாகப் பொருந்துகிறது. படுவான்கரையாரையும் எழுவான்கரையாரையும் தனியே பிரித்துப் பார்த்தால் மிச்சம் எதுவும் தெரியவில்லை. யுத்தம், இடம்பெயர்வு பற்றிய பந்தியைத் தலைவியே வெட்டினார்.

முடிவாகாத வாதம்

வெளிநாட்டுக் கூட்டாளிகளில் புள்ளிவிபரம் பார்ப்பவர், அந்த நான்கு முதியவர்களையும் இரண்டு மாணவர்களையும் நீக்கச் சொன்னார். அப்போது ஒரு குழு முழுவதும் ஒரு திரை, மற்றக் குழு முழுவதும் மற்றத் திரை என்று சீராக இருக்கும் என்பது அவர் வாதம். சீராக இருக்கும்தான், வயதையும் திரையையும் பிரித்தறிய எங்களிடம் இருந்த ஒரே ஆதாரமும் அதோடு போய்விடும். தலைவியும் நானும் அவர்களை வைத்திருப்பதில் உறுதியாக நின்றோம். கடைசியில் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் கட்டுரையில் சேர்ப்பது என்று முடிவானது. எந்தக் கணக்கு முன்னால் வருவது என்பதில் இன்னும் மின்னஞ்சல் போய்வந்துகொண்டிருக்கிறது.

டிவியில் பதிந்த முதியவர்களில் சிலரைத் திரும்ப அழைத்தோம். அறுவடை தொடங்கிவிட்டதால் எல்லோராலும் வரமுடியவில்லை. வந்தவர்களுக்கு டிவியை, படத்தை மெருகூட்டும் வேலைகளைக் குறைக்கும் கேம் மோடில் போட்டு, பிந்தல் 25க்கு இறங்கியதை முதலில் அளந்து, போட்டோடயோட்டை ஒட்டியபடியே பதிந்தோம். அவர்களுடைய பழைய பதிவைத் திருத்தி வந்த பி1க்கும் புதிதாக வந்த பி1க்கும் இடையே சில மில்லிசெக்கன்தான் வித்தியாசம்.

இப்போது உபரி சனல் நிரந்தரமாக ஒளிக்கே. கம்பி எடுத்தாலும், கொம்பியூட்டரில் மென்பொருள் புதுப்பித்தாலும், யாரோ டிவி ரிமோட்டைத் தொட்டாலும் மறுபடி அளந்து கொப்பியில் எழுதவேண்டும். கிராமங்களுக்குக் கொண்டுபோகும் லப்டொப்பின் திரைக்கு இரண்டையும் விட வேறான ஒரு அளவு வந்தது. பற்றரியில் ஓடும்போது அது ஆடவும் செய்கிறது. அதனால் லப்டொப்பில் பதிந்தவற்றை இந்தத் தரவோடு சேர்க்கவில்லை.